பாய் சீ: சின் நாட்டுப் படைத்தலைவரின் வாழ்வும் சாங்பிங் பழியும்

ஆய்வுச் சுருக்கம்

சீனத்தின் போரிடும் நாடுகள் காலத்தில் சின் நாட்டின் தலைமைப் படைத்தலைவராக விளங்கியவர் பாய் சீ. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் போர்க்களத்தில் தோல்வி காணாத இவர், கி.மு. 260இல் சாங்பிங் போரில் சரணடைந்த ஜாவ் நாட்டு வீரர்களைக் கொன்றொழித்த செயலால் இன்றளவும் பழிக்கப்படுகிறார். அவருடைய வாழ்வை விளக்கும் இக்கட்டுரை மூன்று வினாக்களை எழுப்புகிறது. அவருடைய வெற்றிகளுக்கு அடிப்படை எது? சாங்பிங்கில் 4 இலட்சம் பேர் கொல்லப்பட்டனர் என்னும் எண்ணிக்கையை எவ்வாறு கொள்வது? இறக்கும்போது அவர் கூறியதாக எழுதப்பட்டுள்ள குற்ற ஒப்புதலுக்கு எத்தகைய சான்று மதிப்பு உண்டு?

திறவுச்சொற்கள்: பாய் சீ, சின் நாடு, சாங்பிங் போர், சிமா சியேன், ஷிஜி, ஷுய்ஹுதி மூங்கில் ஏடுகள், யோங்லு புதைகுழி

முன்னுரை

சீனப் போரியல் என்றவுடன் தமிழ் வாசகர் நினைவுக்கு வருவது சுன் சூவின் போர்க்கலை நூலே. அது தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. ஆனால் அந்நூல் பேசும் ஏமாற்று உத்தி, சூழ்ந்து வளைத்தல், பகைவரின் கூட்டணியைக் குலைத்தல் ஆகியவற்றை மெய்யான களத்தில் பெரும் அளவில் நிகழ்த்திக் காட்டியவர்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகக் குறைவு. அவ்வரிசையில் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் பாய் சீ. சீனச் சிறுவர்கள் பல நூற்றாண்டுகளாக எழுத்துப் பயிற்சிக்கு மனப்பாடம் செய்துவந்த 'ஆயிரம் எழுத்து நூல்' பண்டைய படைத்தலைவர்களுள் நால்வரைத் தேர்ந்து போற்றுகிறது; முதற்பெயர் இவருடையது. அதே சீனத்தில் ஒரு வட்டாரத்து மக்கள் இவர் பெயரை ஓர் உணவுக்கு வைத்து, அவர் தசையைத் தின்பதாகச் சொல்லிக்கொண்டு உண்கின்றனர். ஒரே மனிதரைப் பற்றிய இவ்விரு நினைவுகளுக்கும் இடையில் உள்ள தொலைவே இவ்வாய்வுக்குத் தூண்டுகோல்.

முதன்மைச் சான்று, ஹான் பேரரசின் அரசவை வரலாற்றாளர் சிமா சியேன் கி.மு. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறைவுசெய்த 'ஷிஜி' என்னும் பெருநூல். 130 இயல்களைக் கொண்ட அந்நூலின் 73ஆம் இயல் பாய் சீயையும், அவருக்குப் பின் வந்த வாங் ஜியேன் என்னும் தளபதியையும் ஒருங்கே பேசுகிறது. சின் அரசகுலத்தைப் பேசும் 5ஆம் இயலிலும், ஜாவ் தளபதி லியான் போவைப் பற்றிய 81ஆம் இயலிலும் இணைச் செய்திகள் உள்ளன. இவற்றோடு 'போரிடும் நாடுகளின் சூழ்ச்சிகள்' என்னும் தொகைநூலும், 1975இல் ஹூபெய் மாநிலம் யுன்மெங்கின் ஷுய்ஹுதியில் ஒரு கல்லறையிலிருந்து கிடைத்த மூங்கில் ஏடுகளும், 1995இல் ஷான்சி மாநிலத்தில் அகழப்பட்ட யோங்லு புதைகுழியும் இங்குப் பயன்கொள்ளப்படுகின்றன. சீனப் பெயர்கள் இன்றைய வடசீன ஒலிப்பை ஒட்டித் தமிழ்ப்படுத்தப்பட்டுள்ளன. நாட்டுப் பெயரான 'சின்', பெயரின் பகுதியான 'சீ' இரண்டிலும் சகரத்தை வல்லொலியாகவே ஒலிக்க வேண்டும்.

தலைக்கணக்கு ஆட்சி

பாய் சீ மெய் என்னும் ஊரினர். அது இன்றைய ஷான்சியின் மேற்கு அண்டை மாநிலமான ஷேன்சியில், வெய் ஆற்றுச் சமவெளியில் உள்ளது. பெற்றோர், கல்வி, இளமை குறித்து ஷிஜி ஒன்றும் கூறவில்லை. அவர் படைநடத்துவதில் வல்லவர் என்றும், சின் மன்னர் ஜாவ்சியாங்கிடம் பணியாற்றினார் என்றும் மட்டுமே சொல்லிவிட்டு நேரே போர்க்களத்துக்குச் செல்கிறது. இந்த மௌனத்தைப் பிற்காலத்தார் கதைகளால் நிரப்பியுள்ளனர். அவை இங்குத் தேவையில்லை.

அவர் வளர்ந்த அமைப்பு நமக்கு நன்கு தெரியும். கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஷாங் யாங் என்னும் அமைச்சர் சின் நாட்டில் செய்த சீர்திருத்தங்களின்படி, பிறப்பால் வரும் உயர்வு குறைக்கப்பட்டுப் போர்த்திறத்தால் வரும் தகுதிநிலைகள் நிறுவப்பட்டன. அந்நிலைகள் 20. பகைவன் ஒருவன் தலையைக் கொய்து வரும் வீரன் ஒரு நிலை உயர்ந்தான்; அதனுடன் நிலமும் சலுகைகளும் சேர்ந்தன. ஆகவே, கொய்த தலைகளை எண்ணிப் பதிவது எழுத்தர்களின் அன்றாட வேலையாயிற்று. ஷுய்ஹுதி ஏடுகளுள் வழக்கு விசாரணைக்கான மாதிரிகள் அடங்கிய பகுதியில், ஒரு தலையை முன்வைத்து இரு வீரர்கள் உரிமை கோரிச் சண்டையிட்ட வழக்கு ஒன்று இடம்பெற்றுள்ளது. வழக்கில் வரும் போர்க்களம் சிங்சியூ. அவ்வூர் தாக்கப்பட்டது கி.மு. 266இல், அதாவது பாய் சீ உயர்நிலையில் இருந்த காலத்தில். ஒரு தலை என்பது ஒரு வயல் என்ற நிலை உருவான பின், போர் முடிவில் எழும் எண்ணிக்கை வெறும் பெருமைப் பேச்சாக இருக்க முடியாது. மிகைப்படுத்தும் ஆசையும், தணிக்கை செய்யும் கண்டிப்பும் ஒருங்கே அதில் செயல்பட்டிருக்கும். பாய் சீயின் வரலாறெங்கும் வரும் எண்களைப் படிக்கும்போது இதனை மறத்தல் கூடாது.

யீச்சுவேயிலிருந்து யிங் வரை

கி.மு. 294இல் பாய் சீ பத்தாம் நிலையில் இருந்தார். ஹான் நாட்டின் சின்செங் நகரைத் தாக்கினார். அடுத்த ஆண்டு, மன்னரின் தாய்மாமனும் முதலமைச்சருமான வெய் ரான் அவரைத் தலைமைத் தளபதியாக்கப் பரிந்துரைத்தார். கி.மு. 292க்குள் பதினாறாம் நிலையை எட்டிவிட்டார். இவ்வளவு விரைந்த உயர்வுக்குக் காரணம் யீச்சுவே போர். இன்று புத்தக் குடைவரைகளுக்காக உலகறிந்த லோங்மென் கணவாயே அந்த யீச்சுவே. அங்கே ஹான், வெய் ஆகிய இரு நாட்டுப் படைகளை அவர் முறியடித்தார். 2,40,000 தலைகள் கொய்யப்பட்டன என்பது ஷிஜியின் கணக்கு.

இவ்வெற்றி எவ்வாறு கிட்டியது என்பதை ஷிஜி விளக்கவில்லை. 'போரிடும் நாடுகளின் சூழ்ச்சிகள்' விளக்குகிறது. அதுவும் பாய் சீயின் வாய்மொழியாகவே. பிற்காலத்தில் மன்னரோடு வாதிடும்போது அவர் தம் பழைய வெற்றிகளை அவரே பகுத்துரைக்கிறார். யீச்சுவேயில் ஹான் படை சிறிது. அது வெய் படையை எதிர்நோக்கி நின்றது. வெய் படையோ ஹானின் கூரிய ஆயுதங்களை நம்பி, அவர்களே முன்னணியில் செல்லட்டும் என்று காத்திருந்தது. இந்தத் தயக்கத்தைக் கண்ட பாய் சீ, ஹான் படைக்கு எதிரே போலி அணியை நிறுத்தி அதைக் கட்டிப்போட்டுவிட்டு, தம் முழு வலிமையையும் எதிர்பாராத வேளையில் வெய் படைமீது செலுத்தினார். வெய் சிதைந்தது, ஹான் தானே கலைந்தது. இவையெல்லாம் நிலைமையைக் கணக்கிட்டுப் பெற்றவை, தெய்வீகம் ஏதுமில்லை என்பதே அவர் அங்கு வலியுறுத்தும் கருத்து. அந்நூலின் உரையாடல்கள் பல பிற்காலத்து நாவன்மைப் பயிற்சிக்கென ஆக்கப்பட்டவை என்னும் ஐயம் ஆய்வாளரிடையே உண்டு. எனினும், இப்பகுதி பெருமையடிக்காத போர்க்கணக்காக அமைந்திருப்பதால், பாய் சீயின் சிந்தனையை அறிந்த ஒருவர் எழுதியதாகவேனும் கொள்ளலாம் என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

தென்திசையில் சூ நாடு பரப்பில் மிகப் பெரியது. கி.மு. 279இல் அதன் துணைத் தலைநகரான யானைப் பாய் சீ முற்றுகையிட்டார். நகர் பணியவில்லை. மேற்கே ஓடிய ஆற்றை அணையிட்டுத் தடுத்து, நீண்ட வாய்க்கால் வெட்டி, நீரை நகரின் மதில்மீது பாய்ச்சினார். ஆறாம் நூற்றாண்டில் நீர்நிலைகளைப் பற்றிப் பெருநூல் எழுதிய லி தாவ்யுவான், அப்போது இறந்தோர் பல இலட்சம் என்றும், பிணங்கள் அழுகிக் கிடந்த குளத்துக்கு நாற்றக்குளம் என்ற பெயர் நிலைத்தது என்றும் எழுதுகிறார். நிகழ்வுக்கு எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிந்திய குறிப்பு அது. எண்ணை அப்படியே ஏற்பதற்கில்லை. அடுத்த ஆண்டே தலைநகர் யிங் வீழ்ந்தது. யீலிங்கில் இருந்த சூ அரசர்களின் கல்லறைகள் தீக்கிரையாயின. சூ மன்னர் கிழக்கே சென் நகருக்கு ஓடினார். கவிஞர் சூ யுவான் ஆற்றில் பாய்ந்து உயிர்விட்டதையும் இவ்வீழ்ச்சியோடு மரபு இணைத்துப் பேசுகிறது. பாய் சீக்கு 'வூஆன் பிரபு' என்னும் பட்டம் கிடைத்தது.

சூ நாட்டு வெற்றிக்கும் அவர் தந்த காரணம் கவனத்துக்குரியது. பாலங்களையும் படகுகளையும் அழித்துத் தம் வீரர்களுக்குத் திரும்பும் வழி இல்லாமல் செய்தார். உணவைப் பகைநாட்டு வயல்களிலிருந்தே எடுத்தார். சின் வீரருக்குப் படையே வீடாயிற்று. தம் மண்ணில் போரிட்ட சூ வீரரோ ஒவ்வொருவரும் தத்தம் குடும்பத்தை எண்ணிக் கலைந்தனர். பகைவரின் மனநிலையைக் கணிப்பதில் இவ்வளவு தேர்ந்தவர், பின்னாளில் தம் மன்னரின் மனநிலையைக் கணிக்கத் தவறினார்.

கி.மு. 273இல் ஹுவாயாங்கில் 1,30,000 தலைகள். அதே போரில் ஜாவ் நாட்டு வீரர் 20,000 பேர் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டனர். கி.மு. 264இல் ஹான் நாட்டில் 50,000 தலைகள். இவற்றை ஷிஜி ஓரிரு வரிகளில் கடந்து செல்கிறது.

சாங்பிங்

கி.மு. 262இல் சின் படை ஹான் நாட்டின் யேவாங்கைக் கைப்பற்றியது. அதனால் வடக்கே இருந்த ஷாங்தாங் என்னும் மலைநாட்டுப் பகுதி ஹான் தலைநகரிலிருந்து துண்டிக்கப்பட்டது. அப்பகுதியின் ஆளுநர் ஃபெங் திங், சின் நாட்டுக்குப் பணிவதைவிட ஜாவ் நாட்டிடம் நிலத்தை ஒப்படைப்பது மேல் என முடிவுசெய்தார். ஜாவ் வாங்கினால் சின் அதன்மீது பாயும். பாய்ந்தால் ஜாவும் ஹானும் ஒன்றுசேரும். இதுவே அவர் கணக்கு. ஜாவ் அவையில் எதிர்ப்பும் எழுந்தது. இருப்பினும் போரின்றிக் கிடைக்கும் பதினேழு ஊர்களை விட மனமில்லாத மன்னர் ஏற்றுக்கொண்டார்.

கி.மு. 260ஆம் ஆண்டின் நான்காம் மாதத்தில் சின் தளபதி வாங் ஹே தாக்குதலைத் தொடங்கினார். முதற்கட்ட இழப்புகளுக்குப் பின் ஜாவ் தளபதி லியான் போ அரண்களுக்குள் ஒதுங்கி, வெளியே வந்து போரிட மறுத்தார். சின் படை தன் நாட்டிலிருந்து நெடுந்தொலைவு உணவு கொண்டுவர வேண்டிய நிலையில் இருந்ததால், காலம் கடத்துவதே அவர் உத்தி. ஆனால் ஜாவ் நாட்டுக்கும் அவ்வளவு பெரிய படைக்கு உணவு தருவது எளிதன்று. மன்னர் பொறுமையிழந்தார். சின் அமைச்சர் ஃபான் ஜூ அனுப்பிய ஒற்றர்கள், லியான் போவை வெல்வது எளிது, ஜாவ் குவோ தளபதியானால்தான் அச்சம் என்று வதந்தி பரப்பினர். புகழ்பெற்ற தளபதி ஜாவ் ஷேயின் மகனான குவோ, போர் நூல்களை வாதிடுவதில் தந்தையையே மடக்கியவர். அவரைத் தளபதியாக்க வேண்டாம் என்று சொந்தத் தாயே மன்னரிடம் மன்றாடியதாக ஷிஜி கூறுகிறது. மன்னர் கேட்கவில்லை.

அவர் பொறுப்பேற்றதை அறிந்ததும் சின் மன்னர் பாய் சீயை மறைவாகத் தலைமைத் தளபதியாக்கினார். இச்செய்தியை வெளியிடுவோர் தலை கொய்யப்படும் என்று படையில் ஆணையிடப்பட்டது. பாய் சீ என்ற பெயர் தெரிந்தால் பகைவர் மதிலைவிட்டு வெளிவரமாட்டார்கள் என்பதே இதன் பொருள். குவோ வெளிவந்து தாக்கினார். சின் படை தோற்று ஓடுவதுபோல் பின்வாங்கித் தன் அரண்வரை இழுத்துச் சென்றது. அதற்குள் 25,000 வீரர் கொண்ட அணி ஒன்று ஜாவ் படையின் பின்புறத்தைச் சுற்றி அடைத்தது. 5,000 குதிரைவீரர் கொண்ட இன்னொன்று ஜாவ் படைக்கும் அதன் பாசறைக்கும் இடையே புகுந்தது. படை இரண்டாகப் பிளந்தது, உணவுவழி அறுந்தது. சின் மன்னர் தாமே ஹெனெய் பகுதிக்கு வந்து, அங்குள்ள ஆடவர் அனைவருக்கும் ஒரு நிலை உயர்வளித்து, 15 வயதுக்கு மேற்பட்டோரைச் சாங்பிங்குக்கு அனுப்பி, துணைப்படையும் உணவும் வரும் வழிகளை அடைத்தார்.

ஒன்பதாம் மாதத்தில் ஜாவ் வீரர் உணவின்றி 46 நாள்கள் கழிந்திருந்தன. ஒருவரையொருவர் கொன்று தின்றனர் என்று ஷிஜி எழுதுகிறது. நான்கு அணிகளாகப் பிரிந்து நான்கைந்து முறை முட்டியும் வளையத்தை உடைக்க முடியவில்லை. குவோ தேர்ந்த வீரருடன் தாமே களமிறங்கி அம்பு பட்டு இறந்தார். எஞ்சியோர் சரணடைந்தனர். ஷாங்தாங் மக்கள் முன்பு சின்னை விரும்பாமல் ஜாவ் பக்கம் போனவர்கள். ஜாவ் வீரர் மனம் மாறுபவர். முழுவதும் கொல்லாவிட்டால் கலகம் வரும் என்று பாய் சீ எண்ணியதாகவும், பின்னர் வஞ்சகமாக அனைவரையும் குழியிட்டதாகவும், மிக இளையோர் 240 பேரை மட்டும் ஜாவ் நாட்டுக்குத் திருப்பி அனுப்பியதாகவும் ஷிஜி முடிக்கிறது.

கலக அச்சம் ஒன்றையே ஷிஜி காரணமாகச் சொல்கிறது. 15 வயதுச் சிறுவர்வரை களத்துக்கு இழுத்த ஓர் அரசு, பட்டினியால் தளர்ந்த பெருந்திரளுக்கு எங்கிருந்து உணவளித்திருக்கும் என்ற வினாவையும் சேர்த்தெண்ண வேண்டும். உணவின்மை கொலையை நியாயப்படுத்தாது. ஆயினும் அம்முடிவு ஒரு தனிமனிதரின் கொடிய உள்ளத்திலிருந்து மட்டும் பிறந்ததன்று, அந்தப் போர்முறையிலேயே அடங்கியிருந்தது என்பதை அது உணர்த்துகிறது.

எண்ணும் எலும்பும்

ஷிஜியின் இயல்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எண்ணிக்கை அசைகிறது. 5ஆம் இயல் 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் என்கிறது. 73ஆம் இயல் சரணடைந்தோர் 4 இலட்சம் என்றும், தொடக்கம் முதல் இறுதிவரை தலை கொய்யப்பட்டோரும் பிடிபட்டோரும் சேர்ந்து 4,50,000 என்றும் கூறுகிறது. 81ஆம் இயலோ சரணடைந்தோரைப் பல இலட்சம் என்று பொதுப்படச் சொல்லி, ஜாவ் நாட்டின் மொத்த இழப்பை 4,50,000 என்கிறது. மூன்றிலும் மொத்தத் தொகை ஒத்துவருகிறது. களத்தில் மாண்டோர் எத்தனை, சரணடைந்த பின் மாண்டோர் எத்தனை என்னும் பிரிவே உறுதியற்றது.

73ஆம் இயலின் பிரிவை ஏற்றால், மாதக்கணக்கில் நீண்ட போரிலும் 46 நாள் பட்டினியிலும் வளையத்தை உடைக்கும் முயற்சிகளிலும் ஜாவ் வீரர் 50,000 பேரே இறந்திருக்க வேண்டும். ஆனால் அதே இயலில், வென்ற சின் படையிலேயே பாதிக்கு மேல் மாண்டுவிட்டனர் என்று பாய் சீ பின்னர் மன்னரிடம் கூறுகிறார். வென்றவர் பாதியை இழக்க, சூழப்பட்டுப் பட்டினி கிடந்தவர் ஒன்பதில் ஒரு பங்கை மட்டும் இழந்தனர் என்பது பொருந்தவில்லை. எனவே 4,50,000 என்பதைப் போரின் மொத்த இழப்பாக, அதுவும் வென்றோர் தரப்பின் அலுவலகக் கணக்காகக் கொள்வதும், சரணடைந்த பின் கொல்லப்பட்டோர் தொகை அதனினும் மிகக் குறைவு எனக் கொள்வதும் தகும். கொலை நிகழ்ந்ததா என்பதில் இதனால் ஐயம் எழவில்லை.

அவ்வுறுதியைத் தருவது மண். சாங்பிங் களம் இன்றைய ஷான்சி மாநிலத்தின் காவ்பிங் வட்டாரம். 1995இல் அங்குள்ள யோங்லு சிற்றூரில் உழவர் ஒருவரின் நிலத்தில் எலும்புகள் வெளிப்பட்டன. அவ்வாண்டே அகழப்பட்ட முதற்குழியில் ஏறத்தாழ 130 பேரின் எலும்புகள் கிடைத்தன, அனைவரும் ஆடவர். உடல்கள் ஒழுங்கின்றி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அம்புமுனைகளும் காசுகளும் உடன் இருந்தன. பல எலும்புகளில் வெட்டும் அடியும் பதிந்திருந்தன. சில மண்டையோடுகள் உடலினின்று பிரிந்திருந்தன. அஃதாவது, பெரும்பாலோர் கொல்லப்பட்ட பின்பே குழியில் இடப்பட்டனர்.

இது ஒரு சொல்லைப் பற்றிய விவாதத்தைத் தீர்க்க உதவுகிறது. ஷிஜி ஆளும் 'கெங்' என்னும் சொல்லுக்குக் 'குழி', 'குழியிடு' என்பன பொருள். பிற்காலத்தார் இதனை உயிரோடு புதைத்தல் என்று கொண்டனர். உலகெங்கும் சாங்பிங் அவ்வாறே சொல்லப்படுகிறது. ஆனால் சியாங் யூ என்னும் தளபதி சின் வீரர்களைக் கூட்டமாகக் கொன்றதைச் சொல்லும்போதும் ஷிஜி இதே சொல்லையே ஆள்கிறது. கூட்டமாகக் கொன்று குழியில் தள்ளுதல் என்பதே இதன் பரந்த பொருள் என்னும் கருத்துக்கு யோங்லு எலும்புகள் வலுச்சேர்க்கின்றன. ஒரு குழியை வைத்து முழுக்களத்தையும் அளக்கக் கூடாது என்பதும் உண்மையே.

ஷுய்ஹுதி ஏடுகளில் இன்னொரு குரல் கேட்கிறது. கல்லறைக்குரியவர் சீ (ஒலிப்பில் 'ஷீ' என்பதற்கு அணுக்கமானது) என்னும் பெயருடைய கீழ்நிலை அலுவலர். சூ நாட்டிடமிருந்து பாய் சீயின் படையெடுப்பால் சின் வசமான ஆன்லு பகுதியில் பணிபுரிந்தவர். அவருடன் புதைக்கப்பட்ட ஆண்டுக்குறிப்பில் நாட்டின் போர்களும் குடும்ப நிகழ்வுகளும் கலந்துள்ளன. யேவாங் தாக்கப்பட்ட ஆண்டின் குறிப்பிலேயே அவ்வலுவலர் சேவல் கூவும் வேளையில் பிறந்த செய்தி வருகிறது. சாங்பிங் ஆண்டின் குறிப்பில் தாக்குதல் நடந்ததாக ஒரு தொடர். அடுத்து அக்குடும்பத்தில் இன்னொரு குழந்தை பிறந்ததாக ஒரு தொடர். எண்ணிக்கையும் இல்லை, குழியும் இல்லை. வெற்றிபெற்ற நாட்டின் ஒரு வீட்டில் அவ்வாண்டு அப்படித்தான் நினைவுகொள்ளப்பட்டது.

தூயோ

வெற்றியின் சூட்டோடு ஜாவ் தலைநகர் ஹாந்தானைத் தாக்கப் பாய் சீ முனைந்தார். அஞ்சிய ஹானும் ஜாவும் சூ தாய் என்னும் தூதரை நிறைந்த பரிசுகளுடன் ஃபான் ஜூவிடம் அனுப்பின. ஜாவ் அழிந்தால் பாய் சீ உச்சப் பதவி பெறுவார், அவருக்குக் கீழே நிற்க உம்மால் இயலுமா என்பதே தூதின் சாரம். ஃபான் ஜூ மன்னரிடம் வீரர் களைத்துள்ளனர் என்று கூறி, சில நகரங்களைப் பெற்றுக்கொண்டு உடன்பாடு செய்வித்தார். படைகள் திரும்பின. பாய் சீக்கும் ஃபான் ஜூவுக்கும் பகை மூண்டது. பாய் சீயை உயர்த்திய வெய் ரான் சில ஆண்டுகளுக்கு முன்னரே ஃபான் ஜூவின் முயற்சியால் பதவியிழந்திருந்தார் என்பதையும் இங்கு நினைக்க வேண்டும். அவையில் பாய் சீக்கு ஆள் இல்லை.

சில மாதங்களில் மன்னரே மனம் மாறி ஹாந்தானைத் தாக்க ஆணையிட்டார். பாய் சீ அப்போது நோயுற்றிருந்தார். வாங் லிங் சென்று தோற்றார். நோய் நீங்கிய பாய் சீயை மன்னர் அழைத்தபோது அவர் மறுத்தார். வாய்ப்பு கைநழுவிவிட்டது, சின் படையிலும் பாதிக்கு மேல் மாண்டு நாடு வெறுமையாகிவிட்டது, ஆறும் மலையும் கடந்து பிறர் தலைநகரைத் தாக்கினால், உள்ளிருந்து ஜாவும் வெளியிலிருந்து பிற நாடுகளும் நெருக்கும் என்றார். மன்னர் கட்டளையிட்டும், ஃபான் ஜூ நேரில் வந்து வேண்டியும் அசையவில்லை, நோய் என்றார். வாங் ஹே அனுப்பப்பட்டார். மாதங்கள் கடந்தன. சூ, வெய் நாடுகளின் துணைப்படைகள் வந்து சின் படையைச் சிதைத்தன. தம் கணிப்பு பலித்ததைப் பாய் சீ வாய்விட்டுச் சொல்லிக்காட்டினார். அச்சொல் மன்னர் செவிக்கு எட்டியது.

பட்டமும் பதவியும் பறிக்கப்பட்டுப் படையின் கடைநிலை வீரராகத் தாழ்த்தப்பட்ட அவர், யின்மி என்னும் ஊருக்குச் செல்லப் பணிக்கப்பட்டார். நோயால் மூன்று மாதம் புறப்படவில்லை. களத்திலிருந்து தோல்விச் செய்திகள் நாள்தோறும் வர, தலைநகர் சியான்யாங்கில் இனித் தங்கக் கூடாதென்று மன்னர் அவரை வெளியேற்றினார். மேற்கு வாயிலிலிருந்து பத்து லி, அதாவது ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தொலைவில் தூயோ என்னும் இடத்தை அவர் அடைந்தபோது, மனக்குறையோடு முணுமுணுத்துச் செல்கிறார் என்று அவையில் பேசப்பட்டது. மன்னர் வாள் ஒன்றை அனுப்பினார். கி.மு. 257இல் அவ்வாளால் பாய் சீ தம் உயிரை மாய்த்துக்கொண்டார். குற்றமற்றவர் இறந்தார் என்று இரங்கிய சின் மக்கள் ஊர்தோறும் அவருக்குப் படையலிட்டனர்.

இறக்குமுன் வானத்துக்கு எதிராகத் தாம் என்ன குற்றம் செய்தோம் என்று வினவியதாகவும், நெடுநேரம் கழித்து, சாங்பிங்கில் சரணடைந்தோரை ஏமாற்றிக் கொன்றதற்கு இச்சாவு தகும் என்று தாமே விடையளித்ததாகவும் ஷிஜி எழுதுகிறது. உலகம் பாய் சீயை நினைவுகொள்வது இக்காட்சியால்தான். ஆனால் இதே அமைப்பு ஷிஜியின் 88ஆம் இயலில் மீண்டும் வருகிறது. பெருஞ்சுவரை எழுப்பிய சின் தளபதி மெங் தியேன் கி.மு. 210இல் இறக்கப் பணிக்கப்பட்டபோது, அவரும் வானத்தை நோக்கி அதே வினாவைக் கேட்கிறார். அவரும் நெடுநேரம் மௌனம் காக்கிறார். பின், சுவர் கட்டும்போது நிலத்தின் நரம்புகளை அறுத்ததே குற்றம் என்கிறார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு இடைவெளியில் இறந்த இருவர் ஒரே சொற்களில் பேசியிருக்க வாய்ப்பில்லை. படைத்தலைவரின் இறுதிக்காட்சிக்கு ஒரு வழக்கமான வடிவம் இருந்தது. பாய் சீயின் ஒப்புதலும் அவ்வடிவத்தில் வார்க்கப்பட்டது எனக் கொள்வதே பொருந்தும். அதனை மனச்சான்றின் ஆவணமாகக் காட்டுவது சரியன்று.

வரலாற்றாளரின் மூதாதை

இங்குப் பெரிதும் கவனிக்கப்படாத ஒரு செய்தி உண்டு. ஷிஜியின் இறுதி இயலில் சிமா சியேன் தம் குலவரலாற்றைக் கூறுகிறார். சின் தளபதியாக இருந்து ஷு நாட்டை வென்ற சிமா சுவோ அவர் முன்னோர்; சுவோவின் பேரர் சிமா ஜின், பாய் சீயின் கீழ்ப் பணியாற்றியவர். சாங்பிங்கில் ஜாவ் படையைக் குழியிட்டதில் அவர் பாய் சீயுடன் இருந்தார் என்றும், திரும்பியபின் இருவரும் ஒருசேரத் தூயோவில் சாவு விதிக்கப்பெற்றனர் என்றும் அங்கே குறிக்கப்படுகிறது. இதே வரலாற்றாளர்தான் 73ஆம் இயலை எழுதினார். அங்கே ஜின் பெயர் இல்லை.

கொலையில் பங்குகொண்டு, கொன்றவரோடு மடிந்த ஒருவரின் வழித்தோன்றலே நமக்குக் கிடைத்துள்ள முழுமையான ஒரே வாழ்க்கைக் குறிப்பை எழுதியிருக்கிறார். கி.மு. 99இல் சியோங்நு நாடோடிகளிடம் சரணடைந்த தளபதி லி லிங்குக்காகப் பேசி, அதனால் ஆண்மை நீக்கத் தண்டனை பெற்றவரும் அவரே. சரணடைந்த வீரர், மன்னரின் சினம், சொல்லிக்காட்டிய ஒரு சொல்லுக்கு வரும் கேடு ஆகியவை அவருக்கு ஏட்டுச் செய்திகள் அல்ல. தூயோ பற்றிய விவரங்கள் குடும்ப மரபின் வழியும் அவரை எட்டியிருக்கலாம். அத்துடன், இயலின் முடிவில் தம் சொந்தக் குரலில் தீர்ப்புரைக்கும்போது சிமா சியேன் சாங்பிங் கொலையைக் குறிப்பிடவே இல்லை. பகைவரைக் கணிப்பதில் ஈடிணையற்ற பாய் சீ, ஃபான் ஜூவால் வந்த கேட்டிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ள இயலாமற் போனார் என்பதே அவர் காணும் குறை. பழியைப் பாய் சீயின் வாயிலேயே வைத்துவிட்டுத் தாம் விலகிக்கொள்ளும் இம்முறை, தம் மூதாதையைப் பற்றி நேரடியாகத் தீர்ப்புக் கூற விரும்பாத ஒருவரின் முறை என்று இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

பிற்கால நினைவுகள்

தாங் பேரரசு எட்டாம் நூற்றாண்டில் போர்த்தெய்வக் கோயிலை நிறுவி, பண்டைய தளபதிகளுள் பதின்மரைச் சிறப்பிடத்தில் வைத்தபோது பாய் சீயும் அவருள் ஒருவரானார். 963இல் அக்கோயிலுக்குச் சென்ற சோங் பேரரசின் முதல் மன்னர் தாய்சு, அவர் உருவத்தைக் கைத்தடியால் சுட்டி, சரணடைந்தோரைக் கொன்றவருக்கு இங்கு இடமில்லை என்று நீக்கச் செய்தார். தாய்சு தாமே தளபதியாக இருந்து அரியணை ஏறியவர். தென்னாட்டு அரசுகளைச் சரணடையச் செய்யும் முயற்சி தொடங்கிய நேரம் அது. சரணடைவோர் உயிர் காக்கப்படும் என்று காட்ட வேண்டிய தேவை அவருக்கு இருந்தது.

காவ்பிங்கில் நினைவு வேறு வடிவம் கொண்டுள்ளது. சுட்ட சோயாக் கட்டியை வேகவைத்து, இஞ்சியும் பூண்டும் சேர்ந்த சோயாச் சக்கைத் தொக்குடன் உண்ணும் வழக்கம் அங்கு உண்டு. கட்டியைப் பாய் சீயின் தசை என்றும், தொக்கை அவர் மூளை என்றும் சொல்வர். சோயாக் கட்டி சீனத்தில் பரவியது பாய் சீக்கு நெடுங்காலம் பின்னர் என்பதால் இவ்வழக்கம் போர்க்காலத்திலிருந்தே வருவதாகச் சொல்வது பொருந்தாது. ஆனால் பழியை ஆண்டுதோறும் அடுப்பில் புதுப்பிக்க அவ்வூர் மக்களுக்கு நாள்கணக்குத் துல்லியம் தேவைப்படவில்லை.

யான் நகரை மூழ்கடிக்க வெட்டப்பட்ட வாய்க்கால் போருக்குப் பின் பாசன வாய்க்காலாக மாறியது. பலமுறை தூர்ந்தும் சீரமைக்கப்பட்டும், இன்றைய ஹூபெய் மாநிலத்தில் நான்ஜாங், யீச்செங் வட்டாரங்களின் வயல்களுக்கு ஏறத்தாழ 49 கிலோமீட்டர் நீளம் ஓடுகிறது. 2018இல் பன்னாட்டுப் பாசன, வடிகால் ஆணையம் அதனை உலகப் பாசன மரபுக் கட்டமைப்புகள் பட்டியலில் சேர்த்தது. நீண்ட வாய்க்கால் என்பது அதன் பெயர். பாய் சீ வாய்க்கால் என்றும் அழைக்கின்றனர்.